புல்லுக்கு மாமன்

என் வாயைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள். இந்த வாயால்தான் கூடப் பிறந்த அண்ணனோடு எனக்குப் பேச்சு அற்றது. எங்கள் மலைமேல் இருக்கிற ஃபாரஸ்ட் பங்களா முன்னால் புதிதாகப் போட்ட புல்லை ஒரு மழைக்காலம் முழுக்க ஒருத்தரும் வெட்ட முடியாமல் போனதும் இதே வாயால்தான். புல்லுக்கே சட்டம் போட்டவள் என்று புதூர்நாட்டுச் சந்தையில் இன்றைக்கும் என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கென்ன, பல்லா வலிக்கிறது?

என் வீட்டுக்காரர் அந்த பங்களாவுக்கு வாட்ச்மேன். பெயர் கோவிந்தன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். கோபம் வந்தபோதெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன், அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறைதான் எங்கள் வீடு. ஒரே மகள், அம்மாக்கண்ணு. நான் சொல்கிற எண்பத்தொன்றாம் வருஷம் அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் தலையில் கத்தி பட்டதில்லை.

ஏன் என்றால், பிள்ளையின் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் கொத்தை மாமன் கைதான் கத்தரிக்க வேண்டும். மாமனே இல்லாத பிள்ளைக்கு வேறு யாரையாவது உட்காரவைப்பார்கள், அது வேறு. என் பிள்ளைக்கு மாமன் குத்துக்கல்லாட்டம் அடிவாரத்தில் இருக்கிறான். இருக்கிறவனை விட்டுவிட்டு இன்னொருத்தன் மடியில் வைத்தால், அவன் செத்துப்போனான் என்று நானே ஊருக்குச் சொன்னதாகாதா? என் வாய் எதையும் சொல்லும், அதை மட்டும் சொல்லாது.

அண்ணன் பெயர் கருப்பன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னை வளர்த்தவன். அண்ணியின் தம்பிக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தான். நான் கோவிந்தனைத்தான் கட்டுவேன் என்று கிளம்பிவிட்டேன். எங்கள் மலையில் இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார், தண்டம் விதித்தார், கட்டினோம், முடிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அண்ணன் என்னைப் பார்த்து, "வளத்தவன ஒரு வார்த்த கேட்டியா?" என்றான். பேசாமல் நின்றிருக்கலாம். நானா பேசாமல் நிற்பேன்? "நீ என்னிய வளத்தியா, ஆட்டுக்குட்டியாட்டம் விக்கறதுக்குத் தீனி போட்டியா?" என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டேன்.

அண்ணன் முகம் செத்துப்போனது. காளியம்மன் கோயிலில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். "இனிமே ஒன் வூட்டு வாசப்படிய மிதிச்சா நானு எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சத்தியம் செய்தான். அதோடு அண்ணியைக் கூட்டிக்கொண்டு படவேட்டுப் பக்கம் அடிவாரத்துக்குக் குடிபோய்விட்டான். பிள்ளை பிறந்த சேதி போனது, அண்ணன் வரவில்லை. பேர் வைத்த சேதியும் போனது, வரவில்லை.

அம்மாக்கண்ணுவின் முடி வளர்ந்துகொண்டே இருந்தது. என் முடி மாதிரியே கனத்த முடி. எண்ணெய் வைத்தாலும் சிக்கு, வைக்காவிட்டாலும் சிக்கு. வேர்வையில் தலை முழுக்கப் புண். சீப்பை எடுத்தாலே பலா மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். மற்ற பிள்ளைகள் அவளைச் சடச்சி என்று கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "கோயிலாண்ட போயி எடுத்துட்டு வந்துடலாம் மாதம்மா, யாரு கேக்கப் போறாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். "நானு கேப்பேன்" என்றேன். ராத்திரி புண்ணில் வேப்பெண்ணெய் தடவும்போது பிள்ளை அழும். நானும் அழுவேன், ஆனால் அவளைத் திட்டிக்கொண்டே அழுவேன்.

அந்த வருஷம் பஞ்சாட்சரம் என்று புது ரேஞ்சர் வந்தார், வேலூர்க்காரர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவார். மழை முடிந்ததும் பெரிய ஆபீசர் ஒருவர் பங்களாவில் வந்து தங்கப்போகிறார் என்றும், அதற்குள் முன்னால் இருக்கிற செம்மண் புழுதியை மூடி லான் போட வேண்டும் என்றும் சொன்னார். லான் என்றால் உட்காரவும் நடக்கவும் புல்தரை என்று விளங்கவே எங்களுக்கு நேரமானது. "மலை பூரா புல்லு மொளச்சிக் கெடக்குது, இவரு லாரி வெச்சிப் புல்லு வாங்கியாராரா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

ஆடி மழை பிடித்ததும் லாரி வந்தது. அடி மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்த அருகம்புல் பத்தைகள், ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தன. கொண்டுவந்தவர் சந்தியாகப்பன், அடிவாரத்து ஊர்க்காரர். கழுத்தில் சிலுவை, தலையில் துண்டு, வாயில் ஓயாத பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எந்தூருப் புல்லுண்ணா இது?" என்று கேட்டேன்.

"படவேட்டாண்டம்மா. ஒங்க மலையாளு ஒருத்தரு ஆத்தோரம் நெலம் வெச்சிருக்காரு. கருப்பன்னு பேரு. அவரு வரப்புல இருந்து எடுத்தது. அவரே மண்ணோட பேத்துக் குடுத்தாரு."

என் கையில் இருந்த பத்தையைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. "இது எங்க போவுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"மலை பங்களாவுக்குன்னு சொன்னேனே. ஒண்ணும் பேசல. லாரி கெளம்பறப்போ மட்டும், ஓரத்துல இருக்கற பத்தைங்க ஒடையாம எடுத்துட்டுப் போங்கன்னாரு."

அந்த பங்களாவின் வாட்ச்மேன் யார் என்று அண்ணனுக்குத் தெரியாதா? அழுகிறேன் என்று தெரியாமல் இருக்க, கூலிக்கு வந்த ஆட்களைப் பிடித்துக் கத்தினேன். "மெதுவா எறக்குங்கய்யா! ஒங்க பொண்டாட்டி சோத்துப் பானைன்னு நெனச்சிக்கினீங்களா?"

அன்றிலிருந்து அந்தப் புல்லுக்கு நானே ஆளாகிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுக்கவும் இல்லை. கிணற்றிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றினேன். ஒரு மாடு எட்டிப் பார்க்கக்கூடாது, ஒரு கோழி கிளறக்கூடாது. மிஞ்சிப்போன உடைந்த பத்தை ஒன்றை எங்கள் வீட்டு வாசலில், படிக்கல் பக்கத்தில் பதித்து வைத்தேன். "பொறந்த வூட்டு சீரு வந்துடுச்சி, இனிமே ஒன்ன கையில புடிக்க முடியாது" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆமாம், சீர்தான். வாயால் சொல்லிக் கொடுத்தால்தான் சீரா?

மழையும் கைகொடுத்தது. பத்தைக்கும் பத்தைக்கும் நடுவே தெரிந்த கோடுகள் மறைந்தன. ஒரு நாள் பஞ்சாட்சரம் ஜீப்பில் புல் வெட்டுகிற மெஷினை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டு சக்கரம், நடுவில் உருளுகிற கத்தி, பிடித்துத் தள்ள நீளமாக ஒரு கைப்பிடி. வந்தவர் முதலில் மெஷினைத் தொடவில்லை. புல்மேல் குந்தி, ஒரு கொத்தைப் பிடித்து மேலே இழுத்தார். இன்னொரு இடத்திலும் இழுத்துப் பார்த்தார்.

"பாத்தியா கோவிந்தா, இழுத்தா வரல. வேரு கீழ மண்ணப் புடிச்சிடுச்சி. இதான் மொதல் வெட்டுக்கு நேரம். முன்னாடி வெட்டியிருந்தா கத்தி பத்தையோட பேத்துக்கினு வந்திருக்கும். லேட் பண்ணா சாஞ்சி, அடி மஞ்சளாயிடும். தள்ளு மெஷின."

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் அவர் சொன்னது சரிதான். ஆனால் என் வீட்டுக்காரர் அந்தக் கைப்பிடியைப் பிடித்தபோது எனக்குள் என்னவோ ஏறியது. அண்ணன் கை பட்டு வந்த புல். அதில் முதல் கத்தி வைக்கிறவர்கள் யாரோ. பக்கத்தில் அம்மாக்கண்ணு சடையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாள்.

"நிறுத்துங்க!" என்றேன். "இது எங்க பொறந்த வூட்டுப் புல்லு. இதுக்கு மொதல் வெட்டு மாமன் வந்துதான் வெட்டணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் மலையில் கிடையாது, எந்த மலையிலும் கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் பிறந்தது. ஆனால் கூலியாட்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவர்களில் மூத்தவர், "மாதம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க ஐயா. சாமைக்கே மொதக் கதிரு ஊர்க்கவுண்டரு அறுத்தப்பறம்தான நாங்க அரிவா வெக்கறோம்?" என்றார். என் வீட்டுக்காரர் மெஷினை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"புல்லுக்கு மாமனா!" என்றார் பஞ்சாட்சரம். "இன்னாம்மா ரோதனை இது? நானு எந்தக் கேஸ்ல எழுதறது இத?" பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு தானே கைப்பிடியைப் பிடித்தார். அம்மாக்கண்ணு ஓடிப்போய் மெஷினுக்கு முன்னால் நின்றாள். "மாமா இன்னும் வர்ல" என்றாள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வாக்கியம். அவள் முடியைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அதுதானே.

பஞ்சாட்சரம் அவளைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. "சரி, மழை வுடட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மழை விடவில்லை. ஆவணி முழுக்க ஊற்றியது. புல் முழங்காலைத் தொட்டு, பிறகு தன் கனம் தாங்காமல் சாய்ந்தது. தள்ளி நின்று பார்த்தால் பச்சை; கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள், ஊறிப்போன வாடை. நான் தினமும் விலக்கிப் பார்ப்பேன், தினமும் மூடிவிடுவேன். வீம்புக்குச் சொன்ன பேச்சு என் கழுத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டச் சொன்னால் வாய் தோற்றுப்போகும். விட்டால் புல் போய்விடும். அண்ணன் வீட்டு மண் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

புரட்டாசியில் பஞ்சாட்சரம் வந்து பார்த்தார், நிஜமாகவே கோபப்பட்டார். "ஒன் பேச்சக் கேட்டேன் பாரு, என்னியச் சொல்லணும்! அடுத்த வாரத்துக்குள்ள இது வெட்டலேன்னா பூராத்தயும் பேத்துப் போட்டுட்டு ஜல்லி கொட்டப் போறேன். பெரியவர் வந்தா பாம்புக்குப் பங்களா கட்டியிருக்கியான்னு கேப்பாரு."

அன்றைக்குப் புளி ஏற்ற சந்தியாகப்பன் லாரி வந்திருந்தது. போய் நின்றேன். என்ன சொல்லி அனுப்புவது? பிள்ளைக்கு முடி எடுக்க வா என்று கெஞ்ச வாய் வரவில்லை. ஊர்க் கூட்டத்தில் அப்படிக் கேட்டது தப்பு என்று சொல்லவும் வரவில்லை.

"எங்க அண்ணன பாத்தா சொல்லுங்கண்ணா," என்றேன் கடைசியில். "ஒன் புல்லு கெட்டுப் போவுது, வந்து பாருன்னு."

சந்தியாகப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கருப்பன் ஒன் அண்ணனாம்மா? அதானா! அவரு வூட்ல நானு மூணு தபா காப்பி குடிச்சிருக்கேன், ஒவ்வொரு தபாவும் மலை பங்களாவுல புல்லு எப்டி இருக்குது, தண்ணி ஊத்தறாங்களா, யாரு ஊத்தறதுன்னு கேட்டுக்கினே இருந்தாரே. நானும் இன்னாடா, வித்த புல்லு மேல இவ்ளோ அக்கறையான்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த லாரியில் அண்ணன் வந்தான்.

மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வந்தான், இடுப்பில் அரிவாள். தலை நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரர், "வாங்க மச்சான்" என்று ஓடினார். "ம்" என்றான். நேராகப் புல்லுக்குள் இறங்கி, ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தான். விலக்கி அடியைப் பார்த்தான்.

"மாப்ள, எந்தப் புத்திகெட்டது இத இத்தினி நாளு வெட்டாம வுட்டது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"வெட்டறதுக்கு ஆளு வரலன்னு சொல்லுங்க" என்றேன் நான், தூணுக்குப் பக்கத்திலிருந்து.

"வாயி இன்னும் கொறயலன்னு சொல்லுங்க மாப்ள."

"சாப்பாட்டுக்கே வழியில்லாத வூட்ல வாயாவது இருக்கட்டும்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சாட்சரம் வந்துவிட்டார். அண்ணன் எழுந்து கும்பிட்டான். "இன்னிக்கே பூராத்தயும் அறுத்துக் குடுத்துட்டுப் போய்டறேங்க ஐயா" என்றான்.

"அய்யய்யோ, அதெல்லாம் கூடாது" என்றார் பஞ்சாட்சரம். "இம்மா ஒசரம் வளந்தத ஒரே அடியா மழிச்சா, வெயில் அடியில பட்டுக் கருகிடும். இன்னிக்கி நுனி மட்டும் எடு. கொஞ்சம் தேறட்டும், அப்பறம் வந்து இன்னும் கொஞ்சம். மூணாவது வாட்டிதான் மெஷின்."

"மொத வெட்டுதானங்க நானு வெட்டணும்? மத்தத மாப்ள பாத்துக்குவாரு."

"அது எப்டி? மூணும் சேந்துதான் மொதல் வெட்டு. மூணுக்கும் நீதான் வரணும். ஒன் தங்கச்சி போட்ட சட்டம்ப்பா, நானு இன்னா பண்றது?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப் பக்கம் திரும்பினார். அந்த மனுஷனை நான் பதறுகிறவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பூராவும் அண்ணன் அரிவாளால் நுனிப் புல்லை வாரி வாரி அறுத்தான். நான் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கினேன். வீட்டுக்கு வரமாட்டான் என்று தெரியும். என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பினேன். புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டான். பங்களா கவர்மெண்ட் இடம், சத்தியத்துக்கு ஒன்றும் ஆகாது. அம்மாக்கண்ணு பலா மரத்தைக் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். பிள்ளை பேரைக்கூடக் கேட்காமல் சாயங்காலம் லாரி ஏறிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சாப்பிட்ட தட்டைத் தேய்க்கமாட்டேன் என்று அப்படியே போட்டுவிட்டேன். விளக்கு வைக்கும்போது நானே எடுத்துத் தேய்த்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது இலையில் சுற்றிய வெல்லக் கட்டி கொண்டுவந்தான். அடிவாரத்துக் கரும்பு வெல்லம். புல்லில் வைத்துவிட்டு, யாருக்கு என்று சொல்லாமல் அறுக்க ஆரம்பித்தான். என் மகளுக்கு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, வெல்லத்துக்குப் பக்கம் வந்து, பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீதான் புல்லுக்கு மாமாவா?" என்று கேட்டாள்.

அரிவாள் நின்றது. "ஆமாம்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தொட்டான். சடையை விலக்கினான். புல்லை விலக்கிப் பார்த்த அதே மாதிரிதான் விலக்கினான். புண்ணைப் பார்த்தான்.

"ஏ மாதம்மா!" என்று கத்தினான். பல வருஷத்துக்குப் பிறகு என் பேர் அவன் வாயிலிருந்து வந்தது. "இன்னாடி புள்ள தல இது? பொம்பள தான நீ? மனுஷி தான நீ?"

நான் வெளியே வந்தேன். ஆயிரம் பதில் சேர்த்து வைத்திருந்தேன். "மாமன் மடி கெடைக்கல" என்றேன். அழுகைதான் வந்தது, கோபம் கலக்காத வெறும் அழுகை.

அண்ணன் குனிந்துகொண்டான். பிறகு பொழுது சாயும்வரை அறுத்தான். போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குச் சோற்றுத் தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

புல் தேறிவிட்டது. மஞ்சளாக இருந்த இடமெல்லாம் திரும்பவும் துளிர்த்தது. ஐப்பசியில் வெயில் வந்த ஒரு காலையில் அண்ணன் மூன்றாம் முறையாக வந்தான். லாரியிலிருந்து அவனோடு அண்ணி இறங்கினாள், கையில் புதுப் பாவாடை சட்டை. கூடவே பெட்டியும் கையுமாக நாவிதர் இறங்கினார். என் வீட்டுக்காரர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மெஷின் அப்பறம் மாப்ள" என்றான் அண்ணன். "மொதல்ல இத முடிச்சிடலாம். எங்க அவ, சின்னவ?"

"எங்க வெச்சி?" என்றேன். "கோயிலுக்குப் போக வேணாமா?"

"இங்கதான்" என்று காலால் புல்லைத் தட்டிக் காட்டினான். "இது என் வரப்பு மண்ணு. என் மண்ணு மேல, என் மடில வெச்சி எடுக்கறதுக்கு யாரக் கேக்கணும்?"

"தெரிஞ்சிதான் அனுப்புனியா இத?"

"பின்ன? படவேட்டுல சந்தியாகப்பனுக்கு வேற வரப்பே கெடைக்கலியா?" என்றான். "நானே கூப்ட்டுக் குடுத்தேன்."

எனக்கு அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, அவனை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலவும் இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் மட்டும், "லான்லயா முடி எடுக்கப் போறீங்க?" என்று பதறினார். "பெரியவர் வர்றாரு, ஒரு மயிரு கெடக்கக் கூடாது." பிறகு அவரே பங்களாவுக்குள் போய்ப் பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து விரித்துக் கொடுத்தார். அந்தப் பெரிய ஆபீசர் அந்த வருஷம் வரவேயில்லை என்பது வேறு கதை.

அண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். முதல் கொத்து முடியைக் கத்தரித்து இலையில் வைத்தான். அம்மாக்கண்ணு ஊரே கேட்கும்படி அலறினாள். என் வாய் அவளுக்கும் வந்திருக்கிறது. மொட்டை முடிந்து, தலையில் சந்தனம் பூசி, புதுப் பாவாடை கட்டியதும் அழுகை நின்றது. தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அரிக்கல" என்றாள்.

பிறகு அண்ணன் மெஷினைத் தள்ளினான். கரகரவென்று சத்தம். பின்னாலேயே மொட்டைத் தலை ஓடியது. வெட்டின புல் வாசனை பங்களா முழுக்க நிறைந்தது. இத்தோடுதான் அந்த லானின் முதல் வெட்டு முடிந்தது. பஞ்சாட்சரம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். "எங்க வூட்டு மெத்தகூட இப்டி இல்ல" என்றார்.

எல்லாம் முடிந்து எல்லாரும் நிழலில் உட்கார்ந்தபோது அம்மாக்கண்ணு எங்கள் வீட்டுப் பக்கம் ஓடினாள். "மாமா, வா! என் பொம்ம காட்டறேன், வா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அண்ணன் எழுந்து பின்னாலேயே வந்தான். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டான். பிள்ளை உள்ளேயிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கற்பூரத்தை அணைத்த சத்தியம், விளையாட்டில்லை.

அண்ணன் கீழே பார்த்தான். ஆடியில் நான் பதித்து வைத்த உடைந்த பத்தை அது. முன்பக்கப் புல்லைப் போலவே அதையும் நான் வெட்டவிடவில்லை. அருகம்புல் சும்மா இருக்குமா? தாவித் தாவிப் படிக்கல்லின்மேல் ஏறி, அந்தப் பக்கம் கதவு நிலைவரைக்கும் படர்ந்திருந்தது.

"இன்னா இது, இதையும் வுட்டு வெச்சிருக்க?" என்று இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தான். குனிந்தான்.

"படி எங்கண்ணா தெரியுது?" என்றேன். "பூரா ஒன் வரப்புப் புல்லுதான் இருக்குது."

குனிந்தவன் அப்படியே நின்றான். புல்லைப் பார்த்தான். அரிவாளைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தான். நான் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ செத்த நேரம் வாய மூடு" என்றான். புல்மேல் காலை வைத்து ஏறி உள்ளே வந்தான். அம்மாக்கண்ணு அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்தபடி திரும்பி அந்தப் புல்லைக் காட்டினான். "அங்க இருக்கறத எப்ப வேணா வெட்டிக்கோங்க. இத மட்டும் வெட்டாத மாதம்மா. வெட்டினா படி தெரியும்" என்றான். "தண்ணி குடு."

நான் வாயை மூடிக்கொண்டு பானையில் சொம்பை விட்டுத் தண்ணீர் மொண்டேன்.